ஏடுகள் கடந்த கடல் – 9: அபிசீனியா போய்ச் சேராத அச்சுப்பொறி

இந்தியாவுக்கு முதல் அச்சுப்பொறி கோவாவில் வந்து இறங்கியது என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். வந்து இறங்கியது உண்மை. ஆனால் அது கோவாவுக்கு அனுப்பப்பட்ட பொறி அல்ல. 1556 மார்ச் மாதக் கடைசியில் லிஸ்பனில் அதைக் கப்பலேற்றியபோது அது போய்ச் சேரவேண்டிய இடம் அபிசீனியா, அதாவது இன்றைய எத்தியோப்பியா. அந்நாட்டுக்கென்று ரோமாபுரி நியமித்த மறைமுதுவர் ஜோவான் நூனஸ் பரேத்தோவும் இயேசு சபைத் துறவிகள் சிலரும் கூடவே புறப்பட்டார்கள். பொறியை இயக்கத் தெரிந்தவர் ஹுவான் தெ புஸ்தமாந்தே என்ற ஸ்பானியர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு செப்டம்பர் 6ஆம் தேதி கோவா சேர்ந்தார்கள். அங்கிருந்து செங்கடலுக்கு வேறு கப்பல் ஏறுவதாக ஏற்பாடு.

ஏறவில்லை. முன்னோட்டமாக எத்தியோப்பியாவுக்குப் போய்த் திரும்பிய தூதர் நல்ல செய்தி கொண்டுவரவில்லை. மன்னர் கெலாவ்தேவோஸுக்குப் போர்த்துக்கீசியரின் துப்பாக்கி வேண்டியிருந்தது. அவர்களுடைய மறைமுதுவர் வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை ஓய்வும் விருத்தசேதனமும் பன்றி இறைச்சி விலக்கும் எங்கள் நாட்டு வழக்கம், யூத மதம் அல்ல என்று 1555இல் அவரே ஒரு விசுவாச அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். பரேத்தோ கோவாவிலேயே காத்திருந்து 1562இல் அங்கேயே இறந்தார். பொறியும் கோவாவிலேயே தங்கிவிட்டது.

பினாங்கைப் பற்றிய தொடரில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். சென்ற இதழில் பினாங்கின் புலாவ் தீக்குஸ் குருமடத்தில் பாடம் நடத்திவிட்டுக் கொரியாவுக்குப் போய், 1839 செப்டம்பர் 21ஆம் தேதி தலை வெட்டப்பட்ட லோரான் இம்பேர், ஜாக் ஷாஸ்தான் இருவரையும் பார்த்தோம். 1984இல் அவர்கள் புனிதர்கள் ஆனார்கள். ஒரு மனிதர் இறந்தபின் அவர் கதையை யார் எழுதுகிறார்கள், எந்த மொழியில் எழுதுகிறார்கள், எழுதிய ஏடு எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் இந்தத் தொடரின் விசாரணை. அந்த விசாரணையில் எத்தியோப்பியாவைத் தாண்டிப் போக முடியாது. அடியார் வரலாறு எழுதுவதை நாட்டுத் தொழிலாகவே செய்தவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு, அவர்களுக்கென்று கிளம்பிய பொறிதான் தமிழில் அடியார் வரலாறு அச்சேற வழி திறந்தது.

அங்கே எழுதிய மொழி கீயெஸ். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் வழிபாடும் நூலும் அதில்தான். புலாவ் தீக்குஸில் சீன மாணவரும் வியட்நாம் மாணவரும் சயாம் மாணவரும் தங்களுக்குள் இலத்தீனில் பேசிக்கொண்டார்களே, அதைப் போன்ற நிலைமை. எழுத்து மட்டும் நம் வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது. 26 மெய், ஏழு உயிர்; ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிரோடும் சேர்ந்து ஒவ்வொரு வடிவம் கொள்ளும். நம் உயிர்மெய் வரிசையைப் பார்த்துப் பழகியவர் அந்த அட்டவணையைச் சுவரில் கண்டால் சற்று நின்று பார்ப்பார்.

முதலில் எல்லாம் மொழிபெயர்ப்புதான். அக்சும் அரசின் காலத்தில் கிரேக்கத்திலிருந்து விவிலியம். பிறகு, 13, 14ஆம் நூற்றாண்டுகளில், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் அரபு மொழி வழியே மறைசாட்சிகளின் வரலாறுகளும் அப்போஸ்தலர் வரலாறுகளும் வந்தன. தோமையார் இந்தியாவில் பட்டபாடுகளும் அவற்றில் உண்டு. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த தலைமை ஆயர் ஒருவருக்கு ‘மொழிபெயர்ப்பாளர் சலாமா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய புனிதரைச் சொல்லும் ஸென்கெஸ்ஸார் என்ற நாள்வரிசை நூலும் அரபியிலிருந்து வந்ததுதான். இன்றும் கோயிலில் அந்தந்த நாளுக்கு உரிய பகுதியை வாசிக்கிறார்கள்.

பிறகு சொந்தப் புனிதர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். அந்த நூல்வகைக்குக் கெட்ல் என்று பெயர். மல்லுக்கட்டு, போராட்டம் என்று பொருள். பசியோடு மல்லு, பேயோடு மல்லு, சில சமயம் அரசனோடு மல்லு. இவற்றின் நாயகர்களில் பெரும்புகழ் பெற்றவர் 13ஆம் நூற்றாண்டுத் துறவி தெக்லே ஹைமானோத். தெப்ரெ தாமோ என்ற மடம் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், இன்றும் அப்படித்தான். அவர் இறங்கும்போது சாத்தான் கயிற்றை அறுத்தான். அவருக்குச் சிறகு முளைத்தது. பின்னாளில் ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் வேண்டியதால் ஒரு கால் இற்று விழுந்தது; மற்றக் காலில் நின்று தவத்தைத் தொடர்ந்தார். சுவரோவியங்களில் சிறகும் ஒற்றைக் காலுமாக இருப்பவரைப் பார்த்தால் பெயர்ப் பலகை தேவையில்லை.

இதையெல்லாம் பக்திக் கற்பனை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் சுவையான பாதியைத் தவறவிடுகிறார்கள். 1270இல் யெகூனோ அம்லாக் என்பவர் பழைய அரச மரபை வீழ்த்திப் புது மரபைத் தொடங்கினார். அவருக்கு ஆசி கொடுத்துத் துணைநின்றவர் தெக்லே ஹைமானோத் என்று தெப்ரெ லீபனோஸ் மடத்தார் எழுதினார்கள். இல்லை, எங்கள் இயேசுஸ் மோஆ என்று ஹைக் ஏரி மடத்தார் எழுதினார்கள். சண்டை புனிதரைப் பற்றியதாகத் தோன்றும். பின்னால் இருந்தது மடத்து நிலமும் அரசவை மரியாதையும். மடங்களின் நற்செய்தி ஏடுகளில் வெற்றுப் பக்கம் இருந்தால் அங்கே நிலக்கொடை விவரத்தை எழுதிவைத்தார்கள். நம் ஊரில் கோயில் சுவரில் வெட்டியதை அவர்கள் வேத ஏட்டில் வரைந்தார்கள். அப்படிப்பட்ட ஏட்டை யார் தொலைக்கத் துணிவார்?

கெட்லின் அமைப்பிலேயே இன்னொரு பாதுகாப்பும் உண்டு. புனிதர் சாகும் தறுவாயில் கிறிஸ்து தோன்றி அவருக்கு ஒரு வாக்குக் கொடுப்பார். உன் பெயரால் பசித்தவனுக்குச் சோறிட்டவன், உன் நினைவு நாளைக் கொண்டாடியவன், உன் வரலாற்றைப் படி எடுத்தவன், எடுப்பித்தவன், வாசித்தவன், கேட்டவன் இன்னின்ன அருளைப் பெறுவான் என்பது அந்த வாக்கு. நம் புராணங்களின் நூற்பயன் பகுதி நினைவுக்கு வரும். ஒரு வேறுபாடு: இங்கே படி எடுப்பவருக்கும் அவருக்குக் கூலி கொடுப்பவருக்கும் தனித்தனியே பங்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டுத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மயிர் சுரண்டி, காயவைத்து, கோடு குத்தி, கரியால் மை கூட்டி, புனிதர் பெயருக்கு மட்டும் சிவப்பு மை தொட்டு எழுதும் வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டுமே! வரலாறு முடிந்ததும் புதுமைகள் வரும். சில ஏடுகளில் அதன் பின்னால் மெல்க்கே என்ற துதிப்பாடல். புனிதரின் கூந்தலுக்கு வணக்கம், கண்ணுக்கு வணக்கம், உதட்டுக்கு வணக்கம் என்று பாத நகம் வரை இறங்கும். கேசாதிபாதம் படித்த தமிழர் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அரசனோடு மல்லு என்றேன். 15ஆம் நூற்றாண்டில் எஸ்திஃபானோஸ் என்ற துறவியும் அவர் சீடர்களும் மூவொரு கடவுளைத் தவிர வேறு யார் முன்னும் விழுந்து வணங்கமாட்டோம் என்றார்கள். அப்போது அரியணையில் இருந்தவர் ஸாரா யாக்கோப். 1434 முதல் 1468 வரை ஆண்டவர், தாமே சமய நூல்கள் எழுதியவர், மரியன்னையின் புதுமைகளைக் கோயில்தோறும் வாசிக்கச் சொன்னவர். மரியன்னை பக்தி அவருக்கு அரச ஆணையும்கூட. விளைவு கசையடி, நாடுகடத்தல், கொலை. அந்தக் கூட்டத்தாரின் வரலாறுகளை அவர்களே எழுதி, திக்ரே மலைப்பகுதியில் குந்தா குந்தே மடத்தில் காத்தார்கள். அரசனே எழுத்தாளனாக இருந்த நாட்டில், அரசனுக்கு எதிரான ஏடும் பிழைத்திருக்கிறது. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து மீண்ட நாவுக்கரசரைச் சேக்கிழார் பாடினார் என்றாலும், அவர் அதைப் பாடியது பல்லவர் அழிந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, சோழர் அவையில். எஸ்திஃபானோஸின் சீடர்களுக்கு அந்த வசதி இல்லை.

அச்சுப்பொறி கிளம்புவதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1553இல், கீயெஸில் ஒரு நூல் முடிந்தது. மொழிபெயர்த்தவர் எம்பாகோம்: யேமனிலிருந்து வந்த முஸ்லிம், மதம் மாறித் துறவியாகி, தெப்ரெ லீபனோஸ் மடத்தின் தலைவராகவே உயர்ந்தவர். கிராஞ் என்ற அகமதுவின் படையெடுப்பில் அந்த மடம் எரிந்து, ஏடுகள் சாம்பலான தலைமுறை அது. அவர் அரபியிலிருந்து கொண்டுவந்தது பரலாம், யெவாஸேஃப் என்ற இருவரின் கதை. இந்தியாவில் ஓர் அரசன். அவனுக்கு ஒரு மகன். மகன் துறவியாவான் என்று சோதிடர் சொல்ல, அரசன் அவனை மாளிகைக்குள் வைத்து, நோயும் முதுமையும் சாவும் கண்ணில் படாமல் வளர்க்கிறான். ஒரு நாள் மகன் வெளியே வருகிறான், நோயாளியைப் பார்க்கிறான், கிழவரைப் பார்க்கிறான்.

புலாவ் தீக்குஸ் பக்கம் பர்மா சந்தில் எதிரெதிரே நிற்கும் பர்மியக் கோயிலுக்கோ சயாம் கோயிலுக்கோ போனவர்களுக்கு இந்த இளவரசன் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆமாம், சித்தார்த்தன்தான். போதிசத்துவன் பாரசீகத்திலும் அரபியிலும் ஜார்ஜியத்திலும் கிரேக்கத்திலும் பெயர் தேய்ந்து தேய்ந்து கிறிஸ்தவப் புனிதர் ஆனார்; ரோமாபுரியின் பழைய நாள்வரிசையில் நவம்பர் 27 அவருக்கு உரியதாக இருந்தது. கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ இரண்டு கதையும் ஒத்திருப்பதை அப்போதே கண்டுகொண்டார். புத்தர் கதைதான் நம் புனிதர் கதையைப் பார்த்துச் செய்தது என்று அவர் கணக்கிட்டுக்கொண்டது வேறு விஷயம். பர்மா சந்தின் பர்மியக் கோயில் 1803இல் தோன்றியது. குருமடம் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் அதே வட்டாரத்துக்கு வந்தது. ஒரே இளவரசனின் இரண்டு வரலாறுகள் நடந்து போகும் தூரத்தில் வாசிக்கப்பட்டன என்றால் தவறில்லை.

சரி, பொறிக்குத் திரும்புவோம். அபிசீனியாவில் அது எதை அச்சிட்டிருக்கும்? ஐரோப்பாவுக்குக் கீயெஸ் எழுத்து புதிதல்ல. 1513இலேயே ரோமாபுரியில் யோகான்னஸ் பொட்கன் சங்கீதப் புத்தகத்தைக் கீயெஸில் அச்சிட்டுவிட்டார். 1548–49இல் அங்கேயே தஸ்ஃபா ஸெயோன் என்ற எத்தியோப்பியத் துறவி புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஆக, தமிழ் எழுத்து அச்சு காண்பதற்கு 65 ஆண்டு முன்பே கீயெஸ் கண்டுவிட்டது. தமிழுக்கு 1554இல் லிஸ்பனில் வந்த முதல் நூல்கூட உரோமன் எழுத்தில்தான். இருந்தும் எத்தியோப்பிய மடங்களுக்கு அச்சில் ஆசை வரவில்லை. தோலும் தூவலும் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

கோவாவில் அச்சுத் தொழில் வேரூன்ற, முத்துக்குளித்துறையில் ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். என்றிக்கே என்றீக்கஸ் என்ற போர்த்துக்கீசியர், நம்மவர் வாயில் அண்டிரிக்கு அடிகளார். யூத மரபில் வந்த குடும்பம். 1546இல் வந்தவர், 1600இல் இறக்கும்வரை பரதவர் ஊர்களில்தான் வாழ்ந்தார். 1577இல் கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்கள், திருத்தமாக வரவில்லை. கொல்லத்தில் மறுபடி வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20ஆம் தேதி ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. 16 பக்கம்தான், கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தையும் கொல்லத்து எழுத்தையும் அடுத்தடுத்துக் காட்டியிருக்கிறார்கள். செய்த வேலையைக் காட்டிக்கொள்ளும் தொழிலாளியின் பெருமிதம் அதில் தெரிகிறது.

எட்டு ஆண்டு கழித்து, 1586இல், அவர் கொண்டுவந்தது 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல், ‘அடியார் வரலாறு’. அச்சிட்ட ஊர் புன்னைக்காயல் என்பது வழக்கு. ஆண்டு முழுவதுமான திருநாள்களுக்கும் புனிதர்களுக்கும் உரிய வரலாறுகள், கடற்கரைப் பேச்சுக்கு நெருங்கிய உரைநடையில். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் இத்தனை நீண்ட தமிழ் உரைநடை அரிது. பண்டிதர்கள் முகம் சுளித்திருப்பார்கள், அவர்களுக்காக எழுதியது அல்லவே. முத்துக் குளிக்கப் போகிறவனும் அவன் மனைவியும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள எழுதியது.

அந்த நூல் என்ன ஆயிற்று? தமிழ்நாட்டில் ஒரு படியும் மிஞ்சவில்லை. அறியப்பட்ட படிகள் இருப்பது வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும். கோபன்ஹேகனுக்கு, டேனியர் ஆண்ட தரங்கம்பாடியோடு தொடர்பு உண்டு என்பதால் அது புரிகிறது. ஆனால் தூத்துக்குடியில்? அங்கே 1658இல் டச்சுக்காரர் வந்து போர்த்துக்கீசியரை விரட்டினார்கள். கத்தோலிக்கக் குருமாருக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஆனால் பழியை முழுவதும் டச்சுக்காரர் தலையில் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். எத்தியோப்பிய மடங்கள் எரிந்ததைவிட மோசமாக எதுவும் இங்கே எரியவில்லை. அங்கே எரிந்த ஏட்டைத் திரும்ப எழுத ஆள் இருந்தது; எழுதுவதே புண்ணியம் என்று ஏடே சொல்லியது. அச்சிட்ட நூலைக் கையால் படி எடுக்க யாருக்குத் தோன்றும்? பொறி இருந்தால்தான் மறுபதிப்பு. பொறி முத்துக்குளித்துறையில் நிலைக்கவில்லை.

இதில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர் பாடிக் கேட்டவை பிழைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் யாகப்பரைப் பற்றிப் பாடிய ‘சந்தியோகுமையோர் அம்மானை’ ஏட்டில் பிழைத்தது. வீரமாமுனிவர் புலவர்களுக்கென்று சூசையப்பரைப் பாடிய ‘தேம்பாவணி’, 3615 பாட்டு, 1726இல் முடிந்து, 1851 முதல் 1853 வரை புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் அச்சாகும்வரை ஓலையிலேயே உயிர் வாழ்ந்தது. அதே முனிவர் ஊராருக்கென்று பாடியது ‘கித்தேரியம்மாள் அம்மானை’. அச்சு காணாத நூல்கள் நின்றன. அச்சில் பிறந்த அடியார் வரலாறுதான் போயிற்று.

எத்தியோப்பியாவுக்குப் பொறி போகவில்லையே தவிர, இயேசு சபையார் பிறகு போனார்கள், கோவாவிலிருந்தே. 1603இல் போன பெத்ரோ பாயெஸ் மன்னர் சூஸென்யோஸின் மனத்தை மாற்றினார். 1622இல் மன்னர் ரோமாபுரியை ஏற்றார். நாடு கொதித்தது. பத்து ஆண்டு இரத்தம் சிந்தியபின், 1632இல் பழைய சமயத்தை மீட்டுவிட்டு மகன் ஃபாஸிலிதேஸிடம் ஆட்சியைக் கொடுத்தார். மகன் இயேசு சபையாரை வெளியேற்றினார்.

இந்தக் கொதிப்பின் நடுவிலிருந்து கிளம்பியவர் வலத்தா பேத்ரோஸ். 1592இல் பிறந்த பிரபு வீட்டுப் பெண். கணவர் மன்னரின் படைத்தலைவர்களில் ஒருவர். கணவர் புதுச் சமயத்தின் பக்கம் நிற்க, அவரை விட்டு ஓடித் துறவியானார். மன்னர் அவைக்கு இழுத்து நிறுத்தினார். ரோமாபுரி வாதிகள் மனம் மாற்றப் பார்த்தார்கள். கடைசியில் நாட்டின் மேற்கு எல்லைக்கு அப்பால் நாடுகடத்தினார்கள். அவர் வளைந்துகொடுக்கவில்லை. பின்னால் துறவியர் கூட்டங்களை நிறுவி, 1642இல் இறந்தார். 30 ஆண்டு கழித்து, 1672இல், கலாவ்தேவோஸ் என்ற துறவி அவருடைய கெட்லைக் கீயெஸில் எழுதினார். அவரை நேரில் அறிந்தவர்கள், குறிப்பாகத் துறவுச் சகோதரிகள், சொல்லக் கேட்டு எழுதியது. ஆகவே அதில் புதுமைகளோடு கோபமும் நோயும் சின்னச் சின்னச் சச்சரவுகளும் அப்படியே இருக்கின்றன. கீயெஸ் அடியார் நூல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். முத்துக்குளித்துறையில் அடியார் கதை எழுதிக் கொடுத்த சபை, எத்தியோப்பியாவின் தானா ஏரிக்கரையில் எழுதப்பட்ட அடியார் கதையில் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்காதவர் அந்தச் சபையைப் பாதிதான் அறிவார்.

கீயெஸ் ஏடுகளுக்கும் கேடு வராமல் இல்லை. 1868இல், பம்பாயிலிருந்து நேப்பியர் தலைமையில், இந்தியச் சிப்பாய்களும் யானைகளும் சேர்ந்த பிரிட்டிஷ் படை எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிடித்தது. மன்னர் தெவோத்ரோஸ் கோயிலொன்றுக்கென்று அங்கே திரட்டி வைத்திருந்த ஏடுகளைச் சூறையாடி, யானை மேலும் கோவேறு கழுதை மேலும் ஏற்றினார்கள். சுமார் 350 ஏடுகள் லண்டனுக்குப் போயின. திருப்பித் தரச் சொல்லி எத்தியோப்பியர் இன்றும் கேட்கிறார்கள். ஆனாலும் மடங்களில் மிஞ்சியவை ஆயிரக்கணக்கில்.

நம் ‘அடியார் வரலாறு’ ஊர் திரும்பியதில் மலேசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த முதல் அச்சு நூல்களைப் பற்றி 1950களில் தமிழுலகத்துக்கு உரக்கச் சொன்னவர் தனிநாயக அடிகளார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். அடுத்த ஆண்டே, 1967இல், இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் ‘அடியார் வரலாறு’ நூலைத் தூத்துக்குடியில் பதிப்பித்தார். 381 ஆண்டு இடைவெளி! அந்தப் பதிப்பும் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. பினாங்கில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று 1857இல் எழுந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக்கு அதில் ஒரு படி வாங்கி வைத்து, திருநாள்தோறும் ஒரு பக்கமாவது வாசித்தால் என்ன? யோசனைதான், காசு கேட்கவில்லை.

அடுத்த இதழில் வீராம்பட்டினம். 1770 முதல் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள், புலாவ் தீக்குஸ் குருமடத்தின் முன்னோடி புதுச்சேரிக்குத் தெற்கே அந்த மீனவர் ஊரில்தான் நடந்தது. அயுத்தியாவிலிருந்து பர்மியப் படைக்குத் தப்பி, காம்போஜக் கரையில் அடிபட்டு, அங்கே வந்து சேர்ந்த சயாம் மாணவரும் வியட்நாம் மாணவரும் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் படித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.